பங்கில் வந்த இஞ்சின்

வாசல் ஒன்றுதான். ஐஸ் பெட்டி அதன் வழியாக உள்ளே வர வேண்டும், இஞ்சின் அதன் வழியாகவே வெளியே போக வேண்டும். இரண்டையும் தூக்கிய ஆட்கள் நிலைப்படியில் எதிரும் புதிருமாக முட்டிக்கொண்டு நின்றார்கள். பெட்டிக்காரர்கள் தங்களுக்கு இன்னொரு சாவு வீடு இருக்கிறது என்றார்கள். இஞ்சினைத் தூக்கியவர்கள் கை விட்டுப் போகிறது என்றார்கள். மாதவராஜ் முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில், கழுத்துவரை வேட்டி போர்த்தி, தன் வீட்டில் தனக்கு இடம் கிடைப்பதற்காகக் காத்துக் கிடந்தார்.

"அதை மொதல்ல வெளிய கொண்டு போங்க" என்றாள் சுகுணா.

எட்டொன்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துப்போன பேச்சு அது. வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார். இன்றைக்குச் சொன்ன மாத்திரத்தில் நான்கு ஆண்கள் கேட்டார்கள். இஞ்சின் வேப்பமரத்தடிக்குப் போயிற்று. அது இருந்த இடத்திலேயே ஐஸ் பெட்டியை வைத்தார்கள். ஹாலில் வேறு இடமும் இல்லை.

விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஆட்டோவில் ஏற்றி மொரப்பூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். பாதி வழியிலேயே முடிந்துவிட்டது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார், வண்டியைத் திருப்பினார். வீட்டுக்குள் கார் இஞ்சினை வைத்துக்கொண்டு ஆட்டோவுக்குப் போன் பண்ணிக் காத்திருந்த குடும்பம் இந்தப் பூமியில் தங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும் என்று அப்போதுகூட அவளுக்குத் தோன்றியது. அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

அந்த இஞ்சின் வந்த கதையை ஊரில் சிரிக்காமல் சொன்னவர் கிடையாது. மாமனார் கோவிந்தன் சேலத்தில் ஒரு டாக்டருக்கு டிரைவராக இருந்தவர். டாக்டர் பிள்ளைகளோடு வெளிநாட்டில் குடியேறியபோது, தன் பழைய ஃபோக்ஸ்வாகன் காரை டிரைவருக்கே விட்டுவிட்டுப் போனார். முதுகு வளைந்து, கண் பிதுங்கி இருந்ததால் ஊரில் அதற்கு ஆமை வண்டி என்று பேர். பெட்ரோல் டேங்க் முன்பக்கம், இஞ்சின் பின்பக்கம். தண்ணீர் ஊற்றுகிற வேலையே கிடையாது, காற்றிலேயே ஆறிக்கொள்ளும். கோவிந்தன் போன பிறகு பிள்ளைகள் இரண்டு பேரும் பாகம் பிரிக்க உட்கார்ந்தார்கள். கிணற்றுக்கு முறை வைத்தாயிற்று, புளியமரங்களை எண்ணி ஒதுக்கியாயிற்று. கடைசியில் கார்தான் பாக்கி நின்றது. தனக்குத்தான் வேண்டும் என்றார் மாதையன். மூத்தவர். தனக்குத்தான் என்றார் மாதவராஜ். உச்சிவெயில்வரை பேசியும் முடியவில்லை.

"அப்படீன்னா ரெண்டா அறுத்துக்க வேண்டியதுதான்" என்று மாதையன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"அறுக்க வேணாம். நாலு நட்டு கழட்டுனா இஞ்சின் தனியா வந்துரும். அது எனக்கு, கூடு உங்களுக்கு" என்றார் மாதவராஜ்.

பேச வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அதுவே தீர்ப்பாகிவிட்டது. இரண்டு பேரில் ஒருவராவது விளையாட்டுக்குச் சொன்னேன் என்று இறங்கி வருவார் என எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அந்த வம்சத்தில் இறங்கி வருகிற பழக்கம் யாருக்கும் இல்லை.

மாதவராஜுக்குப் பால் சொசைட்டியில் வேலை. ஸ்பேனர் பிடிக்கக் கற்றது செல்போன் வீடியோவில். மழையிலும் வெயிலிலும் கிடந்து துருப்பிடித்த அந்த இஞ்சினை ஹாலுக்குள் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழைய போர்வையில் பரப்பினார். எந்தப் பிஸ்டன் எந்த சிலிண்டரில் இருந்ததோ அதற்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சுகுணா கூட்டும்போது விளக்குமாறு பட்டால்கூடச் சத்தம் போடுவார். கோயம்புத்தூரிலிருந்து பார்சல் பார்சலாகச் சாமான் வந்தது. ஒருமுறை முழுதாகச் சேர்த்துவிட்டு, ஏதோ ஓரிடத்தில் ஆயில் கசிகிறது என்று மறுபடியும் மொத்தத்தையும் பிரித்தார். இரண்டு கார்புரேட்டர். இரண்டையும் அவளுடைய குழம்புச் சட்டியில் போட்டுப் பெட்ரோலில் ஊறவைத்தார். புதுச் சட்டி வாங்கித் தந்தார், உண்மைதான். ஆனாலும் அந்த வாசனை அந்த வீட்டின் சோற்றிலிருந்து போகவே இல்லை. மகள் காவியாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் இஞ்சினைச் சுற்றி உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனார்கள். போனவர்கள் போன் பண்ணவில்லை. காவியா ஓசூரில் ஒரு கம்பெனி வேலைக்குப் போய், லீவுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள்.

போன ஆடியில்தான் வேலை முடிந்தது. ஆனால் ஓட்டிப் பார்க்க முடியவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் கியர் பெட்டியோடு சேர்ந்தது. அது கூட்டோடு அண்ணன் வீட்டில் இருந்தது. ஒரே ஒரு நாள் கொடுத்தால் போதும் என்று மாதவராஜ் ஆள்விட்டுக் கேட்டார். உசுரு வேணும்னு எடுத்துக்கிட்டுப் போனவன் உடம்பைத் தேடி அவனே வரட்டும் என்று பதில் வந்தது. இவர் போகவில்லை. சாயங்காலம் ஆனால் இஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து, கையாலேயே அதன் பெல்ட் சக்கரத்தைச் சுற்றி, அது எப்படி ஓடும் என்று வாயால் சத்தம் போட்டுக் காட்டுவார். சுகுணா தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவாள்.

மாதையன் பதினோரு மணி வெயிலில் வந்தார். பாகம் பிரித்த நாளிலிருந்து இந்த வாசலை மிதிக்காதவர். பந்தலில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். ஐஸ் பெட்டியின்மேல் விழுந்து, என் கை ஒடிஞ்சு போச்சே, என் கை ஒடிஞ்சு போச்சே என்று அழுதார். பொய்யழுகை இல்லை அது. சுகுணா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், கண்ணீர் தாடியில் வழிந்தது. பொய்யாக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அழுது முடித்து வெளியே போனவர் வேப்பமரத்தடியில் இஞ்சினைக் கண்டார். ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து விரலால் தடவினார். பிறகு பந்தலுக்கு நடுவில் வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி ஹாலைப் பார்த்துச் சொன்னார்:

"சுகுணா, தம்பி மனசுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்மா. அந்த வண்டி ஓடணும். இன்னைக்கு அது முன்னால போவட்டும், அவன் பின்னால வரட்டும். மறுத்துப் பேசிராத."

புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவள், அதுவும் அத்தனை பேர் நடுவில், என்ன பேசுவாள். பேசாமல் இருந்தாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் தம்பி பாசம் எங்கே போகும் என்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஆண்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது. சாவு வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் போலக் கஷ்டம் வேறில்லை. இப்போது செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தது. பத்துப் பதினைந்து பேர் போய், சக்கரத்துக்குக் காற்றடித்து, ஆமை வண்டியின் கூட்டைத் தெருத் தெருவாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். யாரோ டிராக்டர் பேட்டரியையும் ஒரு கேன் பெட்ரோலையும் கொண்டுவந்தார்கள். மாதையனின் மகன் முருகேஷ் ஓசூரில் பைக் கம்பெனியில் இருப்பவன், லீவுக்கு வந்திருந்தான். சித்தப்பாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவனும் அவன்தான். சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு அவன் வண்டிக்கு அடியில் படுத்தான்.

சுகுணாவுக்கு ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. இஞ்சினை ஜாக்கி வைத்து ஏற்றினார்கள். நட்டுகளை முடுக்கினார்கள். கார்புரேட்டர் இரண்டின் தலையிலும் உட்கார்ந்திருந்த ஏர் ஃபில்டர்களை ஒருத்தன் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கினான். அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

அந்த மூடிகளுக்குக் கீழே துணி இருந்தது. வேலை முடிந்ததும், குளவி வந்து மண் வைத்துவிடும் என்று பயந்து, மாதவராஜ் கார்புரேட்டர் வாய் இரண்டையும் துணியால் அடைத்துவைத்தார். அவளுடைய பச்சைப் புடவையைக் கேட்காமலே கிழித்த துணி. அதற்காக இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தாள். அது உள்ளே இருக்கிறவரை இஞ்சினுக்கு மூச்சுப் போகாது. எத்தனை சுற்றுச் சுற்றினாலும் ஓடாது. ஸ்டார்ட் பண்ணும்போது மறக்காம எடுக்கணும், நான் மறந்தா நீ சொல்லு என்று அவளிடம் சொல்லிவைத்திருந்தார்.

சொல்லியிருக்கலாம். தலையை ஜன்னல் பக்கம் திருப்பி ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. ஓடாமலே போகட்டும் என்று நினைத்தாள். கேட்டபோது கொடுக்காத மனுஷன், கேட்டவன் வாய் மூடிய பிறகு ஊர் பார்க்கக் கொடுக்கிறார். வீட்டுக்காரர் காதுக்குக் கேட்காத சத்தம் வேறு எவன் காதுக்கும் கேட்க வேண்டாம். மனசுக்குள் அப்படிச் சொல்லிக்கொண்டதும் அன்றைக்குக் காலையிலிருந்து முதன்முறையாக அவளுக்கு நெஞ்சு ஆறியது.

மாதையன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். கர்ர் கர்ர் என்று மோட்டார் சுற்றியது. ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்துப் பார்த்தார். ஓடவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சுற்றினார். மேளக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். முருகேஷ் ஒயரைப் பார்த்தான், பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். ஓடவில்லை.

முதலில் பேச்சு மெதுவாகத்தான் வந்தது. எட்டு வருஷமா இதைத்தான் பண்ணிக்கிட்டு இருந்தாரா என்றார் ஒருவர். பால்ல தண்ணி கலந்திருக்கான்னு பாக்குற ஆளுக்கு இஞ்சின் எதுக்கு என்றார் இன்னொருவர். சாவு வீடு என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாதையன் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு, நிஜமான வருத்தத்தோடு சொன்னார்:

"செத்தவனைக் குறை சொல்லாதீங்கப்பா. பாவம், அவனுக்கு வந்தது அவ்வளவுதான்."

சுகுணாவுக்குச் சுருக்கென்றது. சிரித்தவர்களின் பேச்சு அவளைத் தொடவில்லை. இந்தப் பாவம்தான் தைத்தது. ஆறிய நெஞ்சு திரும்பவும் எரிந்தது. அவருடைய பிடிவாதத்தையும் கிறுக்கையும் திட்டுவதற்கு அவளுக்கு உரிமை உண்டு, திட்டியே தீர்த்திருக்கிறாள். ஆனால் அவருக்கு முடியவில்லை என்று அவள்கூட ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது ஒரு ஊரே சொல்கிறது, அவள் வாயை மூடிக்கொண்டிருப்பதால் சொல்கிறது.

காவியா வந்து சேர்ந்தது அந்த நேரத்தில்தான். பஸ் ஸ்டாப்பிலிருந்து ஓடிவந்தவள் ஐஸ் பெட்டிக் கண்ணாடியின்மேல் விழுந்து அழுதாள். அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அழுகை ஓய்ந்தபோது, வெளியே ஸ்டார்ட்டர் சுற்றுவதும் நிற்பதும் அவள் காதில் விழுந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் விஷயத்தைச் சொன்னார்கள். அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"முடிச்சிட்டேன் கண்ணு, ஸ்டார்ட்டர் ஒண்ணுதான் பாக்கின்னு அப்பா போன்ல சொன்னாரே. சும்மா சொல்லியிருக்காராம்மா?"

சுகுணா மகளின் தலையைத் தடவி, பக்கத்தில் இருந்த பெண்ணின் தோளில் சாய்த்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி, கொஞ்சம் தண்ணி கொண்டுவரும்படி முருகேஷைக் கூப்பிட்டாள். அவன் சொம்போடு ஜன்னலண்டை வந்தான். கையெல்லாம் மசி. அவள் கம்பியோரம் முகத்தை வைத்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"முருகேசு, மேல இருக்குற மூடி ரெண்டையும் கழட்டிப் பாரு கண்ணு. உள்ள துணி வச்சிருக்காரு. குளவி போவாம இருக்க."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "இதை நீங்க மொதல்லயே..." என்று ஆரம்பித்தவன் சொம்பை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போனான்.

வண்டிக்கு முன்பக்கம் கூட்டம் கூடியிருந்தது. பெட்ரோல்தான் வரவில்லை என்று மாதையன் முடிவு கட்டிவிட்டார். முன்மூடியைத் திறந்து, டேங்கிலிருந்து வரும் குழாயைப் பிடுங்கி, வாயில் வைத்துக் கன்னம் உப்ப ஊதினார். இரண்டாவது ஊதலில் துரு கொஞ்சம் வந்து விழுந்தது. பாத்தியா, பாத்தியா என்று அதை உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பின்பக்கம் முருகேஷ் ஒருத்தன்தான். அவன் மூடிகளைக் கழற்றியதையோ துணியை உருவியதையோ திரும்ப மாட்டியதையோ யாரும் பார்க்கவில்லை.

குழாயை மாட்டிவிட்டு மாதையன் சாவியைத் திருப்பினார். இரண்டு சுற்றுக்குள் இஞ்சின் பிடித்துக்கொண்டது.

முதலில் புகைந்து இருமியது. பிறகு சீரானது. நனைந்த துணியை யாரோ விடாமல் உதறுவதைப் போலப் படபடவென்று, ஒரே அளவில், ஒரு இடறல் இல்லாமல் ஓடியது. சுகுணா கேட்டாள். சாயங்காலந்தோறும் அவர் வாயால் ஓட்டிக் காட்டிய அதே சத்தம்தான்; அவருக்கு வாயால் அவ்வளவு நன்றாக வரவில்லை. அவள் ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்தாள். அன்றைக்கு அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல் வந்தது. ஓடுதுங்க என்று அவரிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

வெளியே ஒரே ஆரவாரம். பெரியவரு கை வச்சதும் எப்படி ஓடுது பாரு என்றார்கள். எட்டு வருஷமா ஓடாதது அரை மணி நேரத்துல ஓடுது என்றார்கள். எல்லாத்துக்கும் ஒரு கை ராசி வேணும் என்றார்கள். மாதையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெரிய வேலை ஒண்ணும் இல்லை, குழாய் அடைச்சிருந்துச்சு, ஊதிவிட்டேன், அவ்வளவுதான் என்று அடக்கமாகச் சொன்னார். அவர் அதை முழுதாக நம்பினார். துரு அவர் கையில் இருந்தது.

காவியா ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"பெரியப்பா சரி பண்ணிட்டாரும்மா."

கூட்டம் வண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது முருகேஷ் ஜன்னலண்டை வந்தான். கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டி, சுருட்டிய துணியை அவள் கையில் வைத்தான். பச்சைத் துணி இரண்டு துண்டு. பிழிந்தால் சொட்டும் அளவுக்குப் பெட்ரோலில் நனைந்திருந்தது.

"பெட்ரோல் அப்பவே வந்திருக்குது சின்னம்மா. குழாயில ஒண்ணும் இல்ல" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அப்பாகிட்ட சொல்லட்டுங்களா?"

சொன்னால் ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்பார்கள். புருஷன் பிணத்தை வைத்துக்கொண்டு வஞ்சம் வைத்தாள் என்பார்கள். அதுவும் பொய்யில்லை. அத்தனை பேர் முன்னால், மகள் முன்னால், அதை எப்படி எடுத்துச் சொல்வது? அவர் வேலையை ஊர் கேட்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். ஊர் கேட்டது. யாருடைய வேலை என்பதைத்தான் மாற்றிக் கேட்டது.

"வேணாம் போ" என்றாள்.

அப்பாடா என்று அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதியை அவள் மன்னிக்கவில்லை. துணியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பிறகு எல்லாம் அதனதன் முறைப்படி நடந்தது. முருகேஷ் குளித்து, மீசை எடுத்து, ஈர வேட்டியோடு வந்தான். வாய்க்கரிசி போட்டார்கள். பூத்தேரில் ஏற்றினார்கள். மாதையன் ஆமை வண்டியை முன்னால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். சிறுசுகளும் பெரியவர்களுமாகப் பாதிக் கூட்டம் வண்டியோடுதான் நடந்தது. தேரைத் தூக்கியவர்கள் தோள் மாற்ற ஆளில்லாமல் இரண்டு இடத்தில் நின்று கூப்பிட வேண்டியிருந்தது.

தெருமுனையில் பெண்கள் நின்றுவிட்டார்கள். அதற்குமேல் போகிற வழக்கம் இல்லை. மேளச் சத்தம் முதலில் தேய்ந்தது. இஞ்சின் சத்தம் ஏரிக்கரை திரும்பும்வரை கேட்டது. காவியா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பெரியப்பா மட்டும் முன்னாடியே வந்து ஒரு கை பாத்திருந்தா, அப்பாவும் இதைக் கேட்டிருப்பாரில்லம்மா."

"ஆமா" என்றாள் சுகுணா. "முன்னாடியே வந்திருந்தா."

வீட்டுக்குத் திரும்பியதும் ஹாலைக் கழுவிவிட்டார்கள். கொல்லையில் அவளை உட்காரவைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். முதல் குடத்திலேயே இடுப்பிலிருந்த துணி நழுவிக் கீழே விழுந்தது. பங்காளி வீட்டுத் தீர்த்தம்மாள் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"என்னடியம்மா இது, இந்த நாத்தம் நாறுது?"

"பழந்துணி" என்றாள் சுகுணா.

வேலியோரம் மாதவராஜின் பாயும் தலையணையும் எரிப்பதற்காகக் குவிந்து கிடந்தன. தீர்த்தம்மாள் துணியை அதன்மேல் எறிந்துவிட்டுக் கையை மோந்து பார்த்து முகம் சுளித்தாள். பிறகு தொட்டியில் அடுத்த குடத்தை மொண்டாள். சுகுணா தலையைக் குனிந்து காட்டினாள்.